எண்ணும் எல்லையும்: கிழக்கு மாகாண சபைத் தொகுதி நிர்ணயம் பற்றிய ஒரு திறனாய்வு

ஊராட்சிக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறை தமிழருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் பொறித்த கல்வெட்டுகள் இரண்டும் இதற்குச் சான்றாம். ஊரினை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடும்பொன்றுக்கு ஒருவராகக் குடவோலையிட்டு, வாரியப் பெருமக்களைத் தெரிந்த வகையை அவை விரித்துரைக்கின்றன. உறுப்பினராவோர்க்கு வேண்டிய வயது, நிலம், கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை மாணாக்கர்க்கு நாம் எடுத்துரைத்து வியக்கின்றோம். ஆயின் அம்முப்பது குடும்புகளுக்கும் எல்லை வகுத்தோர் யாவர், எக்கணக்கைக் கொண்டு வகுத்தனர், குடி பெருகியபோது அவ்வெல்லை மாறியதா என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தேர்தலைப் பற்றிப் பேசுவோர் வாக்குப்பெட்டியிலிருந்தே பேச்சைத் தொடங்குவர். அப்பெட்டி வைக்கப்படும் வட்டாரத்தின் எல்லை அதற்கு முன்னரே வரையப்பட்டுவிடுகின்றது; வெற்றி தோல்விகளுட் பல அவ்வரைவிலேயே அடங்கிவிடுகின்றன.

இக்கட்டுரை அவ்வெல்லையைப் பற்றியது. கணக்கெடுப்பு முடிந்தபின் தொகுதிகளைத் திருத்தி வரைதல் எல்லா நாட்டிலும் நடைபெறும் கருமமே. ஆயின் திருகோணமலை மாவட்டத்தில், அதிலும் எம் தோப்பூரைச் சூழ்ந்த கொட்டியாரப்பற்றிலே, அக்கருமம் பாடசாலைகளின் நிலையோடு நேரே தொடர்புடையதாகிவிட்டமையை ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வேன்.

நமது பள்ளிச் சபை எது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஊர்ப் பாடசாலைகளை ஆள்வதற்கென மக்கள் தனியே ஒரு சபையைத் தெரிவுசெய்வர். பத்தாண்டுக்கொருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும், தொகுதிவாரியாகத் தெரிவு நடைபெறும் இடங்களில் அச்சபையின் தொகுதிகளும் திருத்தி வரையப்படும். இலங்கையில் அத்தகைய சபை இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் கூடும் ஒரு துணையமைப்பேயன்றி, ஆளும் அதிகாரமுடையதன்று.

எனினும் 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம், தேசிய பாடசாலைகள் ஒழிந்த ஏனைய அரசினர் பாடசாலைகளின் நிருவாகத்தை மாகாண சபைகளிடம் ஒப்புவித்தது. ஆசிரியரை இடமாற்றுதல், கட்டடம் எழுப்புதல், வளங்களைப் பங்கிடுதல் ஆகியன மாகாணக் கல்வி அமைச்சின் பொறுப்பாயின. ஆதலின் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த பள்ளிச் சபை எதுவென வினவுவார்க்குக் கிழக்கு மாகாண சபையே என விடையிறுத்தல் பொருந்தும்.

அச்சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடைபெற்றது 2012 செப்டெம்பர் 8-ஆம் நாள். மொத்தம் 37 உறுப்பினருள் பதின்மர் திருகோணமலை மாவட்டத்தினின்றும் தெரியப்பட்டனர். 2017 செப்டெம்பர் மாத இறுதியில் அதன் ஆயுட்காலம் முடிவுற்றது. 2025-ஆம் ஆண்டிலும் அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. மக்களால் தெரியப்படாத ஆளுநரும் அவர்கீழ்ச் செயலாளர்களுமே அவ்விடைக்காலத்தில் மாகாணக் கல்வியை நடத்தினர். இதற்கு உடனடிக் காரணம் போரன்று. பொருள் முடையும் அன்று. தொகுதி எல்லை வரைபடம் ஒன்று ஒப்பேறாமையே அது.

எண்ணப்படாத தலைமுறை

எல்லைக்கு அடிப்படை எண். திருகோணமலை மாவட்டத்தின் குடித்தொகை 1946-இல் 75,926, 1981-இல் 255,948, 2012-இல் 379,541. முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் மும்மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம். கந்தளாய், அல்லை ஆகிய நீர்ப்பாசனத் திட்டங்களின்கீழ் வந்த குடியேற்றம் இப்பெருக்கத்தில் பெரும்பங்குடையது. 1981-இல் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்தாரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர். 2012-இல் அவ்விகிதம் மாறினும், எவ்வினத்துக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை என்னும் நிலை மாறவில்லை.

இவ்விரு கணக்கெடுப்புகளுக்கும் இடையே முப்பத்தோராண்டு இடைவெளி. 1991-இல் நாட்டில் எங்கணும் கணக்கெடுப்பு நிகழவில்லை. 2001-இல் நிகழ்ந்தபோது பதினெட்டு மாவட்டங்களில் மாத்திரமே நிறைவெய்தியது. நம் மாவட்டம் அவற்றுள் ஒன்றன்று. 1981-ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின்னர்ப் பிறந்தவன் யான். பள்ளியிற் கற்று, ஆசிரியனாகி, வெளிவாரியாகப் பட்டத்துக்குப் படித்த காலத்திலெல்லாம், நிறைவுற்ற குடிசனக் கணக்கு எதிலும் யான் ஓர் எண்ணாக இடம்பெறவில்லை. 2012-இல் முதன்முறையாக எண்ணப்பட்டபோது எனக்கு வயது ஏறத்தாழ முப்பது. இது என் ஒருவன் கதையன்று. ஒரு தலைமுறையின் கதை.

எண்ணப்படாமை ஒரு குறை. தவறான வேளையில் எண்ணப்படுதல் மற்றொரு குறை. 2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் இருந்த மக்கள் போரினால் இடம்பெயர்ந்து கந்தளாயில் தங்கினர். அவ்வேளையிற் கணக்கெடுப்பு ஒன்று நடந்திருப்பின், இவ்வூர்கள் வெற்றூர்களாகவே பதியப்பட்டிருக்கும். ஆதலின் எண் என்பது தானே பேசும் உண்மையன்று. எப்பொழுது, எவ்விடத்தில், எவரை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறியபின்னரே அது நீதிக்கு அளவுகோலாகும்.

எவரை என்னும் வினாவுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே கசப்பான சான்று உண்டு. சோல்பரி அரசியலமைப்பு, 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், 1,000 சதுரமைலுக்கு ஓர் உறுப்பினர் என வகுத்தது. பரந்த நிலத்திற் சிதறி வாழ்ந்த வடக்கு, கிழக்கு மாகாண மக்களுக்குப் பின்னைய விதி ஓரளவு துணையாயிற்று. ஆனால் 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த பின்னரும், தலைக்கணக்கில் மாத்திரம் அவர்கள் சேர்க்கப்பட்டனர். வாக்களிக்க இயலாத அம்மக்களின் எண்ணிக்கையால் மலையகத்துக்குக் கிடைத்த ஆசனங்களை, அயலில் வாழ்ந்த பிறர் வாக்குகளே நிரப்பின. எண்ணுவதற்கு உரியவன் பேசுவதற்கு உரியவனல்லன் என்றாயிற்று.

மூன்று வரைபடங்கள்

சோல்பரி அரசியலமைப்பில் ஒரு நற்பண்பும் இருந்தது. கணக்கெடுப்பு முடிந்த ஓராண்டுக்குள் எல்லை நிர்ணய ஆணைக்குழு அமைக்கப்படல் வேண்டுமென அது விதித்தது. நடைமுறையில் அவ்விதி செவ்வனே பேணப்படவில்லை. 1946-ஆம் ஆண்டு ஆணைக்குழு 95 உறுப்பினருக்குத் தொகுதி வகுத்தது. 1953-ஆம் ஆண்டுக் கணக்குக்குரிய புதிய எல்லைகள் 1959-இலேயே வந்தன. உறுப்பினர் தொகை 151 ஆயிற்று. 1971-ஆம் ஆண்டுக் கணக்குக்குரியன 1976-இல் வந்தன. தொகை 168 ஆயிற்று.

இம்மூன்று வரைபடங்களிலும் மூதூர் பெற்ற வடிவங்களை ஒப்புநோக்கல் பயன்தரும். முதலாவதில் அது ஓர் உறுப்பினரைக் கொண்ட தொகுதி. 1959-ஆம் ஆண்டு வரைபடத்தில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் ஊர்விட்டு ஊர் மாறி மாறி வாழும் நிலத்தில் கோடு கிழிக்க முயலாது, நிலத்தை ஒன்றாகவே விட்டு, உறுப்பினரை இருவராக்கினர். வாக்காளருக்கு இரு வாக்குகள். அவற்றை இருவருக்குப் பகிர்ந்தளிக்கலாம், ஒருவருக்கே சேர்த்தும் அளிக்கலாம். 1970-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் தங்கத்துரையும் மூதூரினின்றும் ஒருங்கே பாராளுமன்றம் சென்றனர். ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழருமே வென்றனர் என யான் கூறவில்லை. அங்ஙனம் வெல்வதற்கு வழி திறந்திருந்தது என்பதே கருத்து.

1976-ஆம் ஆண்டு வரைபடம் அவ்வழியை அடைத்தது. மூதூர் ஒற்றைத் தொகுதியாயிற்று. சிங்களக் குடியேற்றங்கள் மிகுந்த பகுதிகளை இணைத்துச் சேருவில என்னும் புதுத் தொகுதி ஆக்கப்பட்டது. 1977-இல் திருகோணமலையிலிருந்து ஒரு தமிழரும், மூதூரிலிருந்து ஒரு முஸ்லிமும், சேருவிலவிலிருந்து ஒரு சிங்களவரும் தெரியப்பட்டனர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது செம்மையான பங்கீடாகவே தோன்றும். குடியேறிய சிங்கள மக்களுக்கும் பேசுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதை நடுநிலையாளர் எவரும் மறுக்கார். ஆயின் மூதூர்த் தமிழருக்கும், திருகோணமலைத் தொகுதி முஸ்லிம்களுக்கும், சேருவிலத் தமிழருக்கும் அவ்வரைபடம் அளித்த விடை யாது? உம் இனத்தான் ஒருவன் அடுத்த தொகுதியில் உளன், அவனிடம் செல்க என்பதே. அயலானைத் தன் உறுப்பினனாகக் கொள்ளும் மனப்பான்மை அதனாற் குன்றியது.

பின்னர் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைப் புகுத்தி, நாட்டை 22 தேர்தல் மாவட்டங்களாக்கியது. கணக்கெடுப்புதோறும் தொகுதிகளைத் திருத்தும் கடமையும் அதனோடு அற்றுப்போயிற்று. 1971-இல் 188,245 பேரைக் கொண்டிருந்த மாவட்டத்துக்கு வகுத்த அம்மூன்று பிரிவுகளே, குடித்தொகை இருமடங்குக்கு மேற்பட்ட பின்னரும் வாக்கெண்ணும் பிரிவுகளாக நிலைத்தன.

2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் குறையும்

மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் 2017 செப்டெம்பரில் நிறைவேறியது. உறுப்பினரிற் செம்பாதியினரைத் தொகுதிவழியும், எஞ்சியோரை விகிதாசாரவழியும் தெரிதல் அதன் நோக்கம். ஐவர் கொண்ட எல்லை நிர்ணயக் குழு வரைந்த அறிக்கை 2018 ஆகஸ்ட் 24-ஆம் நாள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுதானும் இல்லை. அதனை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். ஒற்றைத் தொகுதி முறையால் தம் பிரதிநிதித்துவம் குறையும் என முஸ்லிம் கட்சிகள் வாதித்தன. பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது. இரு மாதத்தில் முடிய வேண்டிய அதன் பணி முடிவெய்தவில்லை. பழைய சட்டம் நீங்கியது, புதிய சட்டத்துக்கு வரைபடம் இல்லை, தேர்தலும் இல்லை.

இச்சட்டத்தில் இரு குறைகளைக் காண்கின்றேன். முதலாவது, அது வரைபடத்தின்மேல் சபையின் உயிரையே தொங்கவிட்டமை. வரைபடம் ஒப்பேறாவிடின் முன்னைய முறையில் தேர்தல் நடைபெறும் என்னும் ஒரு வாசகம் அச்சட்டத்தில் இருந்திருப்பின், இத்தனை ஆண்டு வெறுமை நேர்ந்திராது. வீடு கட்டுவோன் புதுக்கூரை வேயுமுன் பழைய கூரையைப் பிரித்தெறியான்.

இரண்டாவது குறை ஆழமானது. பத்து உறுப்பினரிற் பாதியைத் தொகுதிவழி தெரிவதெனின், மாவட்டத்துக்கு ஐந்து தொகுதிகள். மூவினத்தை ஐந்து கூறாக்குவதில், ஓர் எல்லையைச் சிறிது நகர்த்தினும் ஓரினத்தின் உறுப்பினர் ஒருவர் குறைவர், அல்லது கூடுவர். தோப்பூரிலிருந்து சைக்கிளிற் புறப்படுவான் ஒருவன், ஒரு காலைப்பொழுதுக்குள் முஸ்லிம் ஊரையும், கிளிவெட்டி, மேன்காமம் ஆகிய தமிழ் ஊர்களையும், சோமபுரம் என்னும் சிங்களக் குடியேற்றத்தையும் கண்டு மீளலாம். இந்நிலத்தில் எவ்வாறு கோடிட்டாலும், எவரேனும் ஒருவர் தவறான பக்கத்திலேயே நிற்பர். எனவே, குழுவினர் நேர்மையுடையராயினும், அவர்தம் அறிக்கை எல்லார்க்கும் ஐயத்துக்குரியதாகவே முடியும்.

2018 பெப்ரவரி 10-இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்குப் புதிய வட்டாரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அன்று வாக்குச்சாவடி ஒன்றிற் கடமையாற்றிய எனக்கு ஒரு மூதாட்டியின் வினா நினைவில் நிற்கின்றது. ஒழுங்கை ஒன்று வட்டார எல்லையாயிருந்தது. அவர் வீடு இப்புறம், அவர் தங்கை வீடு அப்புறம். “ஒரே கிணத்துத் தண்ணி குடிக்கிறம் மனே, அவளுக்கு வேற ஆள், எனக்கு வேற ஆளா?” என்றார். சட்டத்தின்படி ஆம் என்பதே விடை. வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

பிற நாட்டுப் படிப்பினை

பள்ளிச் சபைத் தேர்தலை நன்கு ஆராய்ந்த நாடு இங்கிலாந்து. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அங்கே பள்ளிச் சபைகளைத் தோற்றுவித்தது. சமயப் பிரிவுகள் கடுமையாக மோதிய காலம் அது. பெரும்பான்மைப் பிரிவினரே எல்லா இடங்களையும் கவர்ந்துவிடலாகாது எனக் கருதிய சட்டவாளர், ஊர்களை ஒற்றை வட்டாரங்களாகக் கூறுபடுத்தவில்லை. ஊர் முழுவதும் ஒரே தொகுதி. எத்தனை உறுப்பினரோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றை விரும்பியவாறு பகிரலாம், ஒருவருக்கே திரட்டியும் அளிக்கலாம். பேர்மிங்காம் நகரில் அவ்வாண்டில் 15 இடங்களுக்கும் 15 பேரை நிறுத்திய லிபரல் கட்சியினர் ஆறு இடங்களையே பெற்றனர். தம் வாக்குகளைத் திரட்டியளித்த சிறுபான்மைக் கத்தோலிக்கரும் ஓரிடம் பெற்றனர். முழுவதையும் கவர எண்ணியோர் பாதியையும் பெறாது போயினர். 1902-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபைகளை நீக்கும்வரை இம்முறை நிலவியது. மூதூரின் இரட்டை அங்கத்தவர் தொகுதியில் வழங்கிய வாக்கு முறையும் இதனோடு ஓரினத்ததே என்பதை நோக்குக.

அமெரிக்காவிலிருந்து பெறும் படிப்பினை வேறு. கன்சாஸ் நகரத்துக் கல்லூரி மாவட்டச் சபை பற்றிய வழக்கில் 1970-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. அம்மாவட்டத்திற் பள்ளி வயதினருள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேரைக் கொண்டிருந்த ஒரு பகுதி, ஆறு உறுப்பினருள் மூவரையே தெரிய இயன்றது. ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு என்னும் நெறி கல்விச் சபைகளுக்கும் உரியது எனத் தீர்ப்பாயிற்று. எல்லை பழையதாய் எண் புதியதாயின், வாக்கின் மதிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது இதனாற் பெறப்படும்.

மறுப்பும் முடிபும்

ஒற்றைத் தொகுதி முறைக்குச் சார்பான வாதமும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. விகிதாசாரத் தேர்தலில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாதலின், இவ்வூர்க்கு இவர் பொறுப்பாளர் எனச் சுட்டுதற்கு எவரும் இலர். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியினர் தம்முள் பொருதுவர். பொருள் மிகுந்தோரே வெல்வர். இவை மெய்யே. ஆயின் மாவட்டம் முழுமைக்கும் ஒன்று, அன்றேல் ஆளுக்கொன்று என்னும் இரு வழிகளே உள என்பது பொய். இடைவழி ஒன்றை மூதூர் ஏற்கெனவே கண்டிருந்தது. மாவட்டத்தின் பத்து இடங்களை மும்மூன்று அல்லது நான்கு உறுப்பினர் கொண்ட மூன்று தொகுதிகளுக்குப் பகிர்ந்து, திரட்டு வாக்கும் அளிப்பின், ஊருக்குப் பொறுப்பாளரும் இருப்பர், சிறுபான்மையோரும் தள்ளுண்ணார். கணக்கெடுப்பின்பின் குடித்தொகை மாறும்போது, வேலியைப் பிடுங்கி நடவேண்டியதில்லை. ஒரு தொகுதியின் உறுப்பினர் தொகையைக் கூட்டியோ குறைத்தோ அமைத்தல் போதும்.

2024 டிசம்பர் 19-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நாடு மீண்டும் எண்ணப்பட்டது. 2018-இல் தள்ளப்பட்ட அறிக்கையைத் தூசு தட்டி எடுப்பினும், அதன் அடியிலுள்ள எண் பழையதாகிவிட்டது. எனவே புதிதாய்ச் செய்வதற்கு இது தக்க வேளை. மூன்று விதிகள் வேண்டும்: கணக்கு முடிந்த ஓராண்டுக்குள் ஆணைக்குழு, கலந்து வாழும் மாவட்டங்களிற் பல அங்கத்தவர் தொகுதி, வரைபடம் காலந்தாழ்ப்பின் முன்னைய முறைப்படி தவறாது தேர்தல்.

இவற்றை ஓர் ஆசிரியன் ஏன் எழுதவேண்டும் என வினவுவார்க்கு ஒன்று கூறி முடிப்பேன். யான் முன்னர்க் கற்பித்த ஒரு பாடசாலையில், மாரிக்காற்றில் ஒரு வகுப்பறையின் கூரை பறந்தது. விண்ணப்பம் எழுதினோம், மேலிடத்துக்கு அனுப்பியுள்ளோம் என விடை வந்தது. மீண்டும் எழுதினோம், அதுவே விடை. மூன்று தவணைகள் பிள்ளைகள் மரநிழலிற் படித்தனர். ஈற்றிற் பெற்றோர் காசு சேர்த்துத் தகரம் இட்டனர். எவரையும் குறைகூற இதனை எழுதவில்லை. அலுவலர் தம்மால் இயன்றதைச் செய்திருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் உம்மைக் கேட்போம் என நாம் எவரிடமேனும் சொல்லக்கூடிய ஒரு சபை அன்று இருக்கவில்லை. அப்பிள்ளைகள் குடிசனக் கணக்கில் எண்ணப்பட்டுவிட்டனர். அவர்கட்காகக் கேட்பதற்கு ஒருவரைத் தெரியும் வழியை அவர்தம் பெற்றோர்க்கு அளித்தல் இனிச் சட்டம் இயற்றுவோரின் கடன்.